மூன்று வாரம் வேலை செய்த மருந்து தோற்றுவிட்டதா?

ஆத்தங்குடிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், மருத்துவமனை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய வீட்டுக்காரருக்கு வயது 48. இருபத்தைந்து வருடமாக ஆத்தங்குடித் தரைக்கல் போடும் பட்டறையில் வேலை. கண்ணாடி மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகக் கலர் சிமெண்ட் ஊற்றுவார். ஒரு சொட்டு பக்கத்துக் கட்டத்துக்குப் போகாது என்று பெருமையோடு எழுதியிருக்கிறார். ஒன்றரை வருடம் முன்பு பாதம் மரத்துப்போனது. பஞ்சு மேல் நடப்பதுபோல் இருக்கிறது என்றாராம். வழியில் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் வீடு வந்து சேர்ந்திருக்கிறார். அப்புறம் கை. அச்சில் ஊற்றிய நீலம் சிவப்போடு கலந்தது, கண்ணாடி நழுவி உடைந்தது. சர்க்கரை என்று ஆறு மாதம் போயிற்று. கடைசியில் மதுரையில் நரம்புக் கடத்தல் சோதனையும் முதுகுத் தண்டு நீர் சோதனையும் செய்து, சிஐடிபி என்ற நரம்பு நோய் என்று சொன்னார்கள்.

பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினார்கள். நகையை அடகு வைத்து ஐந்து நாள் ஐவிஐஜி என்ற மருந்தையும் ரத்தக் குழாய் வழியே ஏற்றினார்கள். இரண்டாவது வாரத்தில் எழுந்து நடந்து, குன்றக்குடி முருகன் கோயில் படியைப் பிடிமானம் இல்லாமல் ஏறியிருக்கிறார். நான்காவது வாரம் தொடங்குகையில் மறுபடியும் முழங்கால் மடங்கியது. "அவ்வளவு பணமும் வீணாப்போச்சு டாக்டர்" என்று எழுதியிருக்கிறார். சர்க்கரை 300ஐத் தாண்டியதும், பக்கத்து வீட்டில் பயமுறுத்தியதைக் கேட்டு, மாத்திரையைப் பத்து நாளாக நிறுத்திவிட்டார்கள். சென்னையில் இருக்கும் கொழுந்தனார் ஸ்டெம் செல் (புதிய செல்களாக வளரும் மூல செல்) ஊசி போடும் ஒரு மையத்தைச் சொல்லியிருக்கிறார்: மூன்று தடவை ஊசி, ஆறரை லட்சம், பாதி முன்பணம், 90 சதவீதம் வெற்றி. கல்லூரியில் படிக்கும் மகன் செல்போனில் இரண்டு புதிய சிகிச்சைகளைக் காட்டியிருக்கிறான். நிலத்தை விற்பதா, எதற்காக விற்பது? இதுதான் அவர் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே ஒரே ஒரு விஷயத்தை மட்டும் போனில் சொன்னேன். மற்றவர்களுக்கும் தேவைப்படும் என்பதால் அதையே முதலில் எழுதுகிறேன்.

ஸ்டீராய்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது

நம் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தினமும் ஸ்டீராய்டைச் சுரந்துகொண்டே இருக்கும். பல வாரம் வெளியிலிருந்து மாத்திரையாகக் கொடுத்தால் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் அது உடனே விழித்துக்கொள்ளாது. அந்த இடைவெளியில் ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்தியவர்கள் தாமாகவே பழைய அளவில் மறுபடி தொடங்காமல், அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தலைசுற்றல், வாந்தி, மயக்கம் இருந்தால் நேராக மருத்துவமனைதான்.

சர்க்கரை 300 என்பது உண்மையான பிரச்சினை. அதற்குத் தீர்வு இருக்கிறது: ஸ்டீராய்டு எடுக்கும் மாதங்களில் மட்டும் இன்சுலின் போட்டுக்கொள்ளலாம். சர்க்கரைக்குப் பயந்து நரம்புக்கான மருந்தை விட்டால், இரண்டையும் சேர்த்து இழப்போம். பிரட்னிசோலோனைத் தினமும் எடுப்பதற்குப் பதிலாக மாதத்தில் நான்கே நாள் டெக்சாமெத்தசோன் என்ற வேறொரு ஸ்டீராய்டு கொடுக்கும் முறையும் உண்டு. ஆறு மாதம் இப்படிக் கொடுப்பார்கள். நெதர்லாந்து மருத்துவர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு முறைகளும் பலனில் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. மருந்துக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. உங்கள் வீட்டுக்காரருக்கு இது ஒத்துவருமா என்று உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஐவிஐஜி உங்களை ஏமாற்றவில்லை

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த வரி, நீங்கள் மிகவும் நொந்து எழுதிய வரிதான். இரண்டாம் வாரம் குன்றக்குடி படி ஏறினார், நான்காம் வாரம் முழங்கால் மடங்கியது. மருந்து தோற்றுவிட்டது என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். நான் இதை வேறு மாதிரி படிக்கிறேன். மருந்து வேலை செய்தது; அப்புறம் தீர்ந்துபோனது.

கொஞ்சம் விளக்குகிறேன். மின்கம்பிக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல, நரம்புக்கு மேலே மயலின் என்ற உறை இருக்கிறது. கிருமியோடு சண்டை போட வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி தடம் மாறி இந்த உறையைத் தாக்குவதுதான் சிஐடிபி. உறை உரிந்தால் செய்தி கைக்கும் காலுக்கும் தாமதமாகப் போகும், அல்லது போகவே போகாது. நல்ல விஷயம் என்னவென்றால், தாக்குதல் நின்றால் உறை மறுபடி வளரும். உள்ளே இருக்கும் கம்பியே அறுந்துவிட்டால்தான் சிரமம். அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், முழுசாக வளரும் என்ற உறுதியும் இல்லை. அதனால்தான் காலம் கடத்தாதீர்கள் என்று சொல்கிறோம்.

ஐவிஐஜி என்பது ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த ஆன்டிபாடி, அதாவது கிருமியோடு சண்டை போட உடம்பு உருவாக்கும் புரதம். அது உடம்பில் மூன்று வாரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். உங்கள் வீட்டுக்காரரின் முழங்கால் சொன்ன கணக்கும் அதுவேதான்! முதல் சுற்றில் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 கிராம் கொடுப்பார்கள். 65 கிலோ உள்ளவருக்கு 130 கிராம், அதாவது 5 கிராம் குப்பியாக 26. அதன் பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை கிலோவுக்கு 1 கிராம் தருவது ஆய்வுகளில் பின்பற்றிய வழக்கம். பலருக்குப் போகப்போக அளவைக் குறைக்கலாம், இடைவெளியைக் கூட்டலாம். உங்களுக்கு முதல் சுற்று மட்டும் நடந்திருக்கிறது, தொடர்ச்சி நடக்கவில்லை. "இது ஒரு தடவையோடு முடிகிற மருந்து இல்லை" என்று முன்னாலேயே யாராவது உட்கார்ந்து விளக்கியிருந்தால், அந்த நான்காவது வாரம் உங்களுக்கு இவ்வளவு பெரிய இடியாக இருந்திருக்காது. அதை யாரும் சொல்லாமல் விட்டது எங்கள் தரப்பில் நேர்ந்த தவறு என்றே நினைக்கிறேன்.

சரி, தொடர்ச்சிக்குப் பணம்? ஒரு சுற்றுக்கே லட்சக்கணக்கில் ஆகும் மருந்தை வாழ்நாள் முழுக்க வாங்குங்கள் என்று ஒரு பட்டறைத் தொழிலாளியின் குடும்பத்திடம் சொல்ல எனக்கு மனம் வராது. இதே வரிசையில் பிளாஸ்மா மாற்றம் என்றொரு சிகிச்சை இருக்கிறது. ரத்தத்தை ஒரு இயந்திரத்தின் வழியே ஓட்டி, தாக்கும் ஆன்டிபாடி உள்ள பிளாஸ்மாவை நீக்கிவிட்டு மாற்றுத் திரவத்தை ஏற்றுவார்கள். ஒன்றிரண்டு வாரத்தில் சுமார் ஐந்து தடவை. பெரிய அரசு மருத்துவமனைகளில் இது நடக்கிறது. ஐவிஐஜிக்குக் கேட்டவருக்கு இது கேட்கும் வாய்ப்பும் நன்றாகவே இருக்கிறது. இதன் பலனும் சில வாரங்கள்தான், அதனால் ஸ்டீராய்டோடு சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

இன்னொன்றையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சிஐடிபி போலவே தெரியும் ஒரு சிறு பிரிவினருக்கு நியூரோஃபாசின் 155, கான்டாக்டின் 1 போன்ற புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும். இவர்களுக்குப் பெரும்பாலும் ஐவிஐஜி சரியாகக் கேட்காது, ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து நன்றாகக் கேட்கும். உங்கள் வீட்டுக்காரருக்கு ஐவிஐஜி கேட்டிருக்கிறது, ஆகவே அவர் இந்தப் பிரிவில் இருப்பதற்கு வாய்ப்புக் குறைவு. ஆனாலும் மறுபடி சிகிச்சை தொடங்கிய பிறகும் முன்னேற்றம் இல்லையென்றால் இந்தச் சோதனையும், ரத்தப் புரதச் சோதனையும், மொத்தத்தில் நோயே இதுதானா என்ற மறுபார்வையும் அவசியம். ரிட்டுக்ஸிமாப்பின் இந்தியத் தயாரிப்பு 2007லிருந்தே கிடைக்கிறது, விலையும் ஐவிஐஜி போல் மலைக்க வைக்காது. கொடுப்பதற்கு முன் ஹெபடைடிஸ் பி, காசநோய் இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

மகன் காட்டிய புதிய மருந்துகள்

உங்கள் மகன் தேடிய தேடல் வீண் இல்லை. அவன் காட்டிய முதல் மருந்து எஃப்கார்டிஜிமோட். உடம்பில் ஆன்டிபாடிகளைக் குப்பையில் போகாமல் காப்பாற்றி மறுபடி ரத்தத்துக்கு அனுப்பும் ஒரு புரதம் இருக்கிறது. ஆன்டிபாடி மூன்று வாரம் தாக்குப்பிடிப்பதே அதனால்தான். இந்த மருந்து அந்தப் புரதத்தை அடைத்துவிடும். தாக்கும் ஆன்டிபாடிகள் சீக்கிரம் வடிந்துபோகும். அமெரிக்காவில் மயஸ்தீனியா என்ற தசைச் சோர்வு நோய்க்கு 2021 டிசம்பரிலும், தோலுக்கு அடியில் போடும் வாராந்திர ஊசியாக சிஐடிபிக்கு 2024 ஜூனிலும் அனுமதி கிடைத்தது. அந்த அனுமதிக்கு ஆதாரமான ஆய்வில் 322 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு முன்னேற்றம் தெரிந்தது. அடுத்த கட்டத்தில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 28 சதவீதத்தினருக்கும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் 54 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியது. நல்ல முடிவுதான், சந்தேகமில்லை.

ஆனால் கவனியுங்கள். இதுவும் நோயை வேரோடு பிடுங்கவில்லை, தொடர்ந்து போட்டால்தான் பலன். விலை அமெரிக்காவில் ஆண்டுக்கு லட்சக்கணக்கான டாலர். ஐவிஐஜியோடு சேர்த்துப் போட்டால் அந்த ஆன்டிபாடியையும் வடித்துவிடும். பழைய மூன்று சிகிச்சைகளும் ஒழுங்காகக் கொடுத்துப் பார்த்து கேட்காதவருக்கோ, ஒத்துக்கொள்ளாதவருக்கோ இதை நினைக்கலாம். உங்கள் வீட்டுக்காரர் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. இங்கே விற்பனைக்கு வராத மருந்தைச் சொந்த உபயோகத்துக்கு வரவழைக்க 12ஏ என்ற படிவத்தில் மருத்துவரின் சீட்டோடு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் விண்ணப்பிக்கும் வழி சட்டத்தில் இருக்கிறது. அது அனுமதி மட்டும்தான், விலையைக் குறைக்காது.

இரண்டாவது, கார்-டி. நோயாளியின் சொந்த வெள்ளணுக்களை வெளியே எடுத்து, ஆன்டிபாடியை உருவாக்கும் பி அணுக்களைத் தேடி அழிக்கும்படி மரபணு மாற்றி, திரும்ப ஏற்றுவது. ரத்தப் புற்றுநோய்க்காக வந்தது. ஜெர்மனியில் எர்லாங்கன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2021இல் லூபஸ் (நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் இன்னொரு நோய்) உள்ள ஒரு இளம்பெண்ணுக்குக் கொடுத்து முடிவை வெளியிட்டார்கள். லூபஸ், தசை அழற்சி, தோல் இறுக்க நோய் உள்ள 15 பேரின் முடிவுகள் 2024இல் வந்தபோது எங்கள் துறையில் எல்லோருமே நிமிர்ந்து உட்கார்ந்தோம். பல மருந்துகளை விட்டுவிட்டு இருக்க முடிந்தது அவர்களால். நரம்பு நோய்களிலும் இப்போது ஆய்வுகள் நடக்கின்றன. ஆனால் 15 பேர் என்பது 15 பேர்தான். கடுமையான காய்ச்சல், ரத்த அழுத்த வீழ்ச்சி, மூளைக் குழப்பம் வரக்கூடிய சிகிச்சை இது. தீவிர சிகிச்சைப் பிரிவு பக்கத்திலேயே இருக்க வேண்டும். மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய இந்திய கார்-டிக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது ரத்தப் புற்றுநோய்க்குத்தான், நரம்பு நோய்க்கு இல்லை. சிஐடிபிக்கு இன்று யாராவது காசு வாங்கிக்கொண்டு இதைத் தருகிறேன் என்றால் நம்பாதீர்கள்.

நன்றாக இருக்கும் என்று நினைத்த மருந்துகள் ஆய்வில் விழுந்ததையும் பார்த்திருக்கிறோம். மெத்தோட்ரெக்சேட், இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட் மூன்றையுமே சிஐடிபியில் முயன்றார்கள். வெற்று மருந்தைவிட மேல் என்று ஒன்றும் நிரூபிக்கவில்லை.

ஆறரை லட்சம் கேட்கும் ஊசி

உங்கள் கொழுந்தனார் அண்ணன் மேல் இருக்கும் பாசத்தில் சொல்கிறார். அவரிடம் கோபப்பட வேண்டாம், இந்தப் பகுதியை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

ஸ்டெம் செல் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் உலவுகின்றன. ஒன்று, எலும்பு மஜ்ஜை மாற்று போன்றது: நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்லை எடுத்து வைத்துக்கொண்டு, கடுமையான மருந்தால் நோய் எதிர்ப்புச் சக்தியை அழித்து, மறுபடி வளர்ப்பது. வாரக்கணக்கில் தனி அறை, கிருமித்தொற்று அபாயம் எல்லாம் உண்டு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற மூளை, தண்டுவட நோயில் சிலருக்கு இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. மற்றது, கொழுப்பிலிருந்தோ தொப்புள்கொடியிலிருந்தோ எடுத்ததாகச் சொல்லும் செல்லை ஊசியாகப் போட்டு அன்று மாலையே வீட்டுக்கு அனுப்புவது. உங்களிடம் பேசியது இந்த இரண்டாவதைப் பற்றி. சிஐடிபிக்கு இது பலன் தரும் என்று நிரூபித்த ஆய்வு இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, ரத்த நோய் போன்ற சிலவற்றுக்கான மஜ்ஜை மாற்று தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடு எல்லாமே ஆய்வாக மட்டும்தான் நடக்கலாம். ஆய்வு என்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. ஆறரை லட்சம், பாதி முன்பணம் என்று அவர்கள் கேட்டதிலேயே விடை இருக்கிறது.

"அந்த வீடியோவில் ஒருவர் எழுந்து நடக்கிறாரே?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஐவிஐஜிக்கு 2008இல் வெளியான பெரிய ஆய்வில், மருந்தே இல்லாத திரவத்தை ஏற்றியவர்களிலும் ஐந்தில் ஒருவருக்கு முன்னேற்றம் தெரிந்தது. நோய் தானாகவே ஏறி இறங்கும் இயல்புடையது. கூடவே முன்பு எடுத்த ஸ்டீராய்டின் பலனும் இருக்கலாம். ஊசி போட்ட மாதத்தில் தற்செயலாக நோய் இறங்கியவர்தான் வீடியோவில் வருகிறார். இறங்காதவர்களை யாரும் படம் எடுப்பதில்லை.

அவர்களிடம் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள்:

இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் உங்கள் ஆய்வின் எண் என்ன? 2009 ஜூன் முதல் இந்தப் பதிவு கட்டாயம், யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம்.

எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது, பக்கவிளைவு வந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யார் தருவார்கள்? 2019ஆம் ஆண்டு விதிகள்படி ஆய்வை நடத்துபவர்கள்தான் தர வேண்டும்.

ஒப்புதல் படிவத்தின் தமிழ்ப் பிரதி ஒன்று வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கக் கிடைக்குமா?

நேரான பதில் வராவிட்டால் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். கட்டியாயிற்று என்றால் ரசீதையும் அவர்கள் அனுப்பிய செய்திகளையும் பத்திரமாக வைத்துக்கொண்டு சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். மருத்துவர் மேல் புகார் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கழகம். கை கால் செயலிழப்பைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த பற்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பெயர், உரிம எண் எதுவும் இல்லாமல் பொட்டலத்தில் கட்டித் தரும் பொடியில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ மிகுந்திருந்தால், அதுவே நரம்பைக் கெடுக்கும். என்ன பொடி என்று தெரியும்வரை நிறுத்திவையுங்கள், மருத்துவரிடம் அந்தப் பொட்டலத்தையே காட்டுங்கள்.

நிலத்தை விற்பதற்கு முன்னால்

இப்போதைக்கு விற்க வேண்டாம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றும் வேண்டும். ஐவிஐஜி, பிளாஸ்மா மாற்றம் இரண்டில் எது, எத்தனை தடவை உங்கள் வீட்டுக்காரருக்கு இதில் கிடைக்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். அட்டை கைக்கு வந்ததும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் போவது என் முதல் யோசனை. பழைய மருத்துவமனையிலிருந்து நரம்புச் சோதனை உட்பட எல்லாப் பதிவுகளின் நகலும் கேட்டு வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. இல்லையென்றால் எல்லாச் சோதனையும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. நிலைப்படியில் தடுக்கி இரண்டு தடவை விழுந்தார் என்று எழுதியிருந்தீர்கள். நம் பக்கத்து வீடுகளில் நிலைப்படி உயரம், தரையும் அவர் கையால் போட்ட அதே வழவழப்பான கல். பாதம் தூக்க வராதவருக்கு அது ஆபத்து. பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கியை இயன்முறை மருத்துவரிடம் அளவெடுத்து வாங்குங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். நிலைப்படியின் இரண்டு பக்கமும் பிடிமானக் கம்பி அடித்துவிடுங்கள், ஈரத் தரையில் நடக்க விடாதீர்கள். உணர்ச்சி இல்லாத பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது. தினமும் ராத்திரி உள்ளங்காலை நீங்களே விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் வீட்டு வளவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்க எத்தனை வினாடி ஆகிறது, உதவி இல்லாமல் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழ முடிகிறது, சட்டைப் பித்தானைத் தானே போட முடிந்ததா, சர்க்கரை எவ்வளவு. இந்த நான்கை மட்டும் உங்கள் மகன் எழுதட்டும். அடுத்த சுற்று மருந்து ஏறிய தேதியைச் சிவப்பு மையில் குறிக்கச் சொல்லுங்கள். எந்த நாளில் ஏறுகிறது, எந்த நாளில் இறங்குகிறது என்று ஆறு வாரத்தில் அந்தத் தாளே காட்டிவிடும். மதுரைக்குப் போகும்போது பதிவுகளுக்கு மேலே அந்த நோட்டை வையுங்கள். மருந்தின் அளவையும் இடைவெளியையும் முடிவு செய்யும் மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.